முகம் மறைத்த செய்தியும் முகம் காட்டிய நாடகமும்

1954ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், பி.பி.சி. நிறுவனம் தன் முதல் தொலைக்காட்சிச் செய்தியறிக்கையை இலண்டனிலிருந்து ஒளிபரப்பிற்று. திரையிலே படம் வந்தது, வரைபடம் வந்தது, குரலும் வந்தது. குரலுக்குரியவரின் முகம் மட்டும் வரவில்லை! படிப்பவர் புருவத்தைச் சற்றே உயர்த்திவிட்டால், உதட்டோரம் ஒரு புன்முறுவல் நெளிந்துவிட்டால், செய்தியிலே கருத்தின் கறை படிந்துவிடும் என்று அஞ்சினர் நிறுவனத்தார். ஓராண்டுக்கு மேல் அந்த முகத்திரை நீடித்தது. 1955 செப்டம்பரில், ஐ.டி.வி. என்னும் போட்டி நிலையம் பிறக்கவிருந்த வேளையில்தான், செய்தி படிப்பவரின் முகத்தைக் காணும் பேறு பிரிட்டிஷ் மக்களுக்குக் கிட்டிற்று.

முகத்தை மறைத்தால் சார்பு மறைந்துவிடுமா, தோழர்களே? எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் தள்ளுவது என்று முடிவு செய்கிறார்களே, அங்கேயே சார்பு குடியேறிவிடுகிறது. புருவம் என்ன செய்யும், பாவம்!

அதே 1954ஆம் ஆண்டு, டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு, அதே நிறுவனம் ஒரு நாடகத்தை ஒளிபரப்பிற்று. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' என்ற ஜார்ஜ் ஆர்வெலின் புதினத்தை நைஜல் நீல் நாடகமாக்கினார். ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கினார். பீட்டர் குஷிங் நாயகனாக நடித்தார். நாயகனுக்குத் தொழில் என்ன தெரியுமா? பழைய செய்தியைத் திருத்தி எழுதுவது! ஆட்சியாளர் நேற்றுச் சொன்னது இன்று பொய்த்துப் போனால், நேற்றைய ஏட்டையே மாற்றி வைப்பது அவன் அலுவல். அந்த அலுவலகத்தின் பெயரோ, உண்மை அமைச்சகம்!

கொடுமை மிகுந்த நாடகம், குடும்பத்தோடு காணத் தகாத நாடகம் என்று கூக்குரல் கிளம்பிற்று. நாடாளுமன்றம் வரை சென்றது வழக்கு. கண்டித்தும் ஆதரித்தும் உறுப்பினர்கள் தீர்மானங்களை முன்வைத்தனர். அதே நாடகத்தை வியாழனன்று மீண்டும் நடிப்பதாக ஏற்பாடு. அதை நிறுத்து என்றனர். நிறுத்தவில்லை, டிசம்பர் 16 அன்று நடிகர்கள் மறுபடியும் நேரடியாக நடித்தனர். அந்த இரண்டாம் நிகழ்ச்சிதான் படச்சுருளில் பதிவாகி, இன்றும் காணக் கிடைக்கிறது.

செய்தி எவ்வாறு சமைக்கப்படுகிறது என்ற செய்தியை நாட்டு மக்களுக்கு அறிவித்தது செய்தியறிக்கையா? இல்லை, நாடகம்! நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புவதும் இதுவே. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் சிறந்த நாடகங்கள் தம் சார்பை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தன. ஆகவே அவற்றை உரசிப் பார்க்க முடிந்தது. செய்தியோ நடுநிலை என்னும் வெள்ளாடை உடுத்தி வருகிறது. ஆகவே அதை உரசிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழுவதில்லை.

வீடிழந்த கேத்தி

1966 நவம்பர் 16. பி.பி.சி.யின் 'புதன்கிழமை நாடகம்' வரிசையில், 'கேத்தி, வீட்டுக்கு வா' ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபோர்டு. இயக்கியவர் கென் லோச். தயாரித்தவர் டோனி கார்னெட். கதை எளியது. கேத்தி என்ற இளம்பெண் ரெக் என்ற ஓட்டுநரை மணக்கிறாள். இருவரும் உழைக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள், நல்ல வீட்டில் குடியேறுகிறார்கள். கணவனுக்கு விபத்து, வேலை போகிறது. வீடு போகிறது. உறவினர் வீட்டு நெருக்கடி, பின்பு வாடகைக்காரனின் கெடுபிடி, பின்பு சக்கரம் பூட்டிய வண்டிவீடு, அதற்கும் தீ. முடிவில் வீடற்றோர் விடுதி. அங்கே தாய்க்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம், கணவனுக்கு இடமில்லை! கடைசியாக, இரயில் நிலையத்திலே ஒண்டிக் கிடக்கும் அந்தத் தாயின் கையிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிச் செல்கின்றனர் அதிகாரிகள். யாரும் கொடியவர் அல்லர். எல்லோரும் விதிப்படியே நடக்கின்றனர். விதி என்றால் தலைவிதி அன்று, தோழர்களே! அலுவலகத்து விதி, மனிதர் எழுதிய விதி, ஆகவே மனிதர் மாற்றக்கூடிய விதி!

சுமார் 1 கோடியே 20 இலட்சம் பேர் அன்றிரவு அதைக் கண்டனர். அரங்கச் சுவர்களை விட்டு வெளியேறி, உண்மைத் தெருவிலும் உண்மைக் குடியிருப்பிலும் எடுத்த படம் அது. வீடற்ற மக்களின் சொந்தக் குரல்களும் இடையிடையே ஒலித்தன. இது செய்தியா, நாடகமா என்று திகைத்தவர் பலர். திகைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாடக வரிசை, இரவுச் செய்தியை அடுத்து வருவது வழக்கம். செய்தி பார்த்த அதே கண்ணோடு நாடகத்தையும் மக்கள் பார்க்க வேண்டும் என்பதே லோச், கார்னெட் ஆகியோரின் நோக்கமும்.

வீட்டுப் பஞ்சம் அந்நாளில் செய்தியில் வராத பொருளா? வந்தது. இத்தனை குடும்பங்களுக்கு வீடில்லை, இத்தனை வீடு கட்ட அரசு திட்டம், அமைச்சர் அடிக்கல் நாட்டினார் என்றெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், செய்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். நேற்று வேலையிழந்தவன் ஒரு செய்தி. இன்று வாடகை தராதவன் ஒரு செய்தி. நாளை பிள்ளைகளை இழந்த தாய் ஒரு செய்தி. மூவரும் ஒரே குடும்பத்தார் என்பதைச் செய்தி சொல்லாது! நாடகம் ஒரே பெண்ணைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பின்தொடர்ந்ததால் காரணம் புலப்பட்டது. காரணம் புலப்பட்டதால் சினம் பிறந்தது.

அந்நாடகம் வந்த இரண்டே வாரத்தில், 1966 டிசம்பர் 1 அன்று, 'ஷெல்ட்டர்' என்னும் வீடற்றோர் நல அமைப்புத் தொடக்கம் கண்டது. அவ்வமைப்பு நாடகத்தால் பிறந்ததென்று சிலர் சொல்வதுண்டு, அது பிழை. முன்னரே திட்டமிட்டிருந்த அமைப்பு அது. நாடகம் மூட்டிய உணர்ச்சி அதற்குப் பெருந்துணையாயிற்று என்பதே சரி. புகழ்வதற்காகப் பொய் சொல்வது பகுத்தறிவாளர் வழக்கமன்று. வீடிழந்தோர்க்கு உறைவிடம் தருவது நகராட்சிகளின் கடமை என்று சட்டம் வந்தது 1977இல். நாடகம் வந்து 11 ஆண்டு கழித்து! இன்றோ, இங்கிலாந்தில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் காலந்தள்ளுகின்றன. நாடகம் கண்ணீரை வரவழைக்கும். வீட்டைக் கட்டித் தராது. அதற்கு அமைப்பு வேண்டும், போராட்டம் வேண்டும், சட்டம் வேண்டும்.

ஆள்வோர் அஞ்சியது எதற்கு?

நாடகத்தின் வலிமையை நாம் அறிவதற்கு முன்பே ஆள்வோர் அறிந்திருந்தனர். 1965இல் பீட்டர் வாட்கின்ஸ், 'போர் விளையாட்டு' என்றொரு படத்தைப் பி.பி.சி.க்காக எடுத்தார். பிரிட்டன் மீது அணுகுண்டு வீழ்ந்தால் என்ன நேரும்? இதுவே பொருள். செய்தியாளர் நேர்காணுவது போலவும், கள நிகழ்வைப் படம் பிடிப்பது போலவும் அமைத்தார். மக்களைக் காக்க அரசு வைத்திருந்த ஏற்பாடுகள் எவ்வளவு சொற்பம் என்பது அதிலே அம்பலமாயிற்று. பி.பி.சி.யின் தலைவராய் இருந்த நார்மன்புரூக் பிரபு முன்னாளில் அமைச்சரவைச் செயலாளர். அரசு அதிகாரிகளை அழைத்து அப்படத்தைக் காட்டினார். அதன் பின்பு, வீடுகளில் காணத் தகாத அளவு கோரமானது என்று காரணம் கூறி, நிறுவனம் அதை ஒளிபரப்ப மறுத்தது. திரையரங்குகளில் காட்டப்பட்ட அப்படத்துக்கு, சிறந்த ஆவணப்படம் என்று ஆஸ்கார் பரிசு கிடைத்தது. தொலைக்காட்சியில் வந்ததோ 1985 ஜூலை 31 அன்று. 20 ஆண்டு கழித்து!

அந்த 20 ஆண்டும் அணுகுண்டுச் செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. சோதனை நடந்தது, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, அமைச்சர் பேசினார், தலைவர்கள் கைகுலுக்கினர். செய்திக்குத் தடையில்லை; குண்டு விழுந்த பின் தெருவில் கிடக்கும் மனிதனைக் காட்டிய படத்துக்குத் தடை!

இந்த அச்சம் நமக்குப் புதிதன்று. நாடக மேடைக்கு விலங்கிட 1876இல் இந்தியாவில் சட்டம் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஆட்சி. ஆட்சி மாறிய பின்பும் அந்த எண்ணம் மாறவில்லை. எம். ஆர். இராதாவின் மேடை முழக்கத்தைக் கேட்டுக் கலங்கியோர், 1954இல் சென்னை மாநிலத்தில் தனி நாடகச் சட்டமே இயற்றினர். பிரிட்டனிலும் மேடை நாடகம் எதுவாயினும் அரண்மனை அதிகாரி ஒருவரின் ஒப்புதல் பெற்றே நடக்கவேண்டும் என்ற முறை 1968 வரை நீடித்தது. தொலைக்காட்சி நாடகம் அவருடைய அதிகார எல்லைக்கு வெளியே இருந்தது. மேடையில் சொல்ல முடியாததைத் திரையில் சொல்ல வழி பிறந்தது அதனாலுந்தான். வெளிக் காவலர் இல்லாத இடத்தில் உட்காவலர் இருந்தனர். பி.பி.சி.யில் பணிக்கு வருவோரின் அரசியலை, எம்.ஐ.5 என்னும் உளவுத்துறை மறைவாக ஆராய்ந்து வந்த செய்தியை 1985இல் 'அப்சர்வர்' ஏடு வெளியிட்டது. நடுநிலை நிறுவனத்தின் பின்கட்டிலே இப்படியோர் அறை!

பஞ்சமும் பைபிளும்

செய்தியே பயனற்றதென்று நாம் சொல்லவில்லை. 1984 அக்டோபர் 23 அன்று, எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பி.பி.சி. செய்தியாளர் மைக்கேல் பியூர்க் காட்டினார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களைக் கண்டு உலகமே உருகிற்று. பணம் குவிந்தது, பாடகர்கள் கூடிப் பாடினர், உணவு சென்றது, உயிர்கள் பிழைத்தன. அந்தச் செய்தியை நாம் போற்றுகிறோம்.

ஆனால், அந்தப் பஞ்சத்தை அவர் எப்படி வருணித்தார்? பைபிள் காலத்துப் பஞ்சம் என்று! பகுத்தறிவுத் தோழர்களே, இந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி நிதானித்துப் பாருங்கள். பைபிள் காலத்துப் பஞ்சம் வானிலிருந்து வருவது, கடவுள் அனுப்புவது, மனிதன் மண்டியிட்டு ஏற்பது. எத்தியோப்பியாவிலோ மழை பொய்த்தது மெய். உள்நாட்டுப் போர் நடந்ததும் மெய். கிளர்ச்சிப் பகுதிகளுக்கு உணவு செல்லாதவாறு மெங்கிஸ்து அரசு தடுத்ததும் மெய். மழையைக் கேள்வி கேட்க முடியாது. அரசைக் கேள்வி கேட்கலாம். பைபிள் என்ற ஒரே சொல், கேட்கக்கூடிய கேள்வியை மறைத்து, கேட்க முடியாத கேள்வியை முன்னே வைத்துவிட்டது. செய்தியாளர் நல்லவர், நோக்கம் நல்லது, படம் உண்மை. ஆயினும் காரணம் மறைந்தது!

இதற்கு எதிரே வைத்துப் பார்க்கத்தக்கது, 1978 ஜனவரியில் வந்த 'ஓசியில் உண்போர்' என்னும் நாடகம். ஜிம் ஆலன் எழுத, ரோலண்ட் ஜோஃபி இயக்கினார். எலிசபெத் அரசியின் வெள்ளி விழா நடந்த 1977ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டது. நான்கு பிள்ளைகளோடு தனித்து வாழும் ஒரு தாய். ஒரு பிள்ளை மனவளர்ச்சி குன்றியது. செலவுக் குறைப்பு என்று சொல்லி அப்பிள்ளையைத் தக்க பராமரிப்பு இல்லத்திலிருந்து அப்புறப்படுத்துகின்றனர். முடிவில் தாயும் பிள்ளைகளும் மாள்கின்றனர். ஊரெங்கும் விழாத் தோரணம்! அரச இணையரின் படங்கள் திரையில் தோன்றும்போதே நாடகத்தின் தலைப்பும் தோன்றுகிறது. ஓசியில் உண்போர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேறு வசனம் தேவைப்படவில்லை. அந்தக் குடும்பத்தைக் கொன்றது வானமன்று, வரவுசெலவுத் திட்டம் என்பதைப் பார்த்தவர் புரிந்துகொண்டனர்.

அஞ்சலகத்தின் கணக்கு

பழங்கதை போதும், இன்றைய நிலை என்ன என்று கேட்கும் தோழர்க்கு, 2024ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். பிரிட்டனின் சிற்றூர்களில் கடையோடு சேர்த்துத் துணை அஞ்சலகம் நடத்தும் எளிய மக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆசிய வழியினரும் அவர்களிடையே பலர். 1999 முதல் அவர்களிடம் 'ஹொரைசன்' என்ற கணினி முறை புகுத்தப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஆக்கம். கணினி பிழையாகக் கூட்டிற்று. பணம் குறைவதாய்க் காட்டிற்று. ஒப்பந்தப்படி குறைவை அஞ்சலகம் நடத்துவோரே ஈடுகட்ட வேண்டும். இல்லையேல் திருடர்! உங்களுக்கு மட்டுந்தான் இந்தத் தொல்லை என்று பலரிடமும் தனித்தனியே கூறினர். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். கருவுற்றிருந்த ஒரு பெண்ணும் 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஐயத்துக்குரியோரை இன அடையாளத்தால் தரம் பிரித்த அஞ்சலகக் குறிப்பு ஒன்று 2023இல் வெளிப்பட்டு, நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. கணினி புதியது, கண்ணோட்டம் மட்டும் பழைய குடியேற்ற ஆட்சியின் கண்ணோட்டம்!

இதிலே செய்தியின் பங்கு என்ன? அஞ்சலகத்தில் கையாடல், இன்னாருக்குச் சிறை என்று ஊர்தோறும் செய்தி வந்தது. நீதிமன்றம் தண்டித்தது உண்மை. நாள் சரி, பெயர் சரி, தொகை சரி. ஒவ்வொரு செய்தியும் சரி. எல்லாவற்றையும் கூட்டினால் மாபெரும் பொய்! நல்ல செய்தியாளர்களும் இருந்தனர். 2009இல் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற தொழில்துறை ஏடு ஐயத்தைக் கிளப்பிற்று; 2015இல் பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சி விரித்துரைத்தது. 2019இல் உயர்நீதிமன்றம் கணினியின் குறைகளை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ஒரே நாளில் நீக்கப்பட்டது. எல்லாம் செய்தியாக வந்தது; வந்த வேகத்திலேயே போயிற்று.

2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நான்கு இரவுகள், ஐ.டி.வி. ஒரு நாடகத்தை ஒளிபரப்பிற்று: 'திரு. பேட்ஸும் அஞ்சலகமும்'. எழுதியவர் குவினெத் ஹியூஸ். போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆலன் பேட்ஸாக டோபி ஜோன்ஸ் நடித்தார். ஒரு பெண் கணினியின் முன் அமர்ந்து, பொத்தானை அழுத்த அழுத்தக் கடன் இருமடங்காவதைக் கண்டு பதறும் காட்சியை நாடு பார்த்தது. ஜனவரி 10 அன்று தலைமையமைச்சர் சுனக் நாடாளுமன்றத்தில் எழுந்து, தண்டனைகளை நீக்கத் தனிச் சட்டம் வருமென அறிவித்தார். மே 24 அன்று சட்டம் நிறைவேறிற்று. இருபதாண்டுச் செய்தி செய்யாததை நான்கு இரவு நாடகம் செய்தது!

நியாயமாகப் பேசுவோம். செய்தியாளர் சிலர் ஆண்டுக்கணக்கில் தோண்டியெடுத்த உண்மை இல்லையேல், அந்த நாடகமே இல்லை. நாடகம் வெறுங்கற்பனையில் கட்டப்பட்டிருந்தால், அஞ்சலகத்தார் ஒரே நாளில் தகர்த்திருப்பர். கேத்தியின் கதை வந்தபோதும், உண்மையையும் கற்பனையையும் கலப்பது ஏமாற்று என்று பி.பி.சி.யின் முன்னாள் அதிகாரி கிரேஸ் விண்டம் கோல்டி வாதிட்டார். வாதத்தில் பொருள் உண்டு. உருக்கமான நாடகம் பொய்யையும் சுமந்து வரக்கூடும். புராண நாடகங்களைக் கண்ணீரோடு பார்த்துக் கருத்தடிமை ஆன மக்களை நாம் அறியோமா? ஆகவே நாடகத்துக்கு நாம் விலக்களிக்கவில்லை. நாடகத்தின் மீது எழுந்த அந்தக் கேள்வி செய்தியின் மீதும் எழ வேண்டும் என்பதே நம் வழக்கு.

இன்றைய திரை

1954இல் முகத்தை மறைத்த நாடு, இன்று எந்த முகத்தைக் காட்டுகிறது? 2021இல் ஜி.பி. நியூஸ் என்றோர் அலைவரிசை தோன்றிற்று. நாடாளுமன்ற உறுப்பினராய் இருப்பவரே அங்கு நிகழ்ச்சி நடத்துநர்! அரசியல்வாதிகள் செய்தி படிப்பவராய் அமர்ந்து நடுநிலை விதியை மீறினர் என்று, ஆஃப்காம் என்னும் கண்காணிப்பு அமைப்பு 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அவற்றுள் இரு நிகழ்ச்சிகள் பற்றிய முடிவை, 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. செய்தி எது, நடப்பு நிகழ்ச்சி எது என்று விதியின் சொற்களைப் பிரித்துப் பார்த்தது நீதிமன்றம். வீட்டில் அமர்ந்து பார்ப்பவர் அப்படிப் பிரித்துப் பார்ப்பாரா?

இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி ஓடுகிறது. எதிரெதிரே இருவரை அமர்த்தி, இருவருக்கும் சமநேரம் கொடுத்தால் நடுநிலை ஆகிவிடுமாம்! வீடிழந்தவளுக்கு 2 நிமிடம், வீட்டைப் பறித்தவனுக்கு 2 நிமிடம். தராசு நேராக நிற்கிறது, நீதி தலைகீழாய்க் கிடக்கிறது! முகம் மறைத்தபோதும் சார்பு இருந்தது. முகம் நிறைந்தபோதும் சார்பு இருக்கிறது. அன்று அது மௌனத்தில் ஒளிந்தது. இன்று கூச்சலில் ஒளிகிறது.

இளந்தோழர்களே! செய்தியைக் காணாதீர் என்று நாம் சொல்லோம். கண்டபின் நான்கு கேள்வி கேளுங்கள். நேற்று என்ன நடந்ததால் இன்று இது நடந்தது? இதனால் ஆதாயம் யாருக்கு? பேச வாய்ப்புப் பெறாதவர் யார்? இதே போன்றது வேறெங்கும் நடக்கிறதா? அஞ்சலகத்துச் செய்தி பற்றி இந்த நான்காவது கேள்வியை 2005இல் நாடு கேட்டிருந்தால், பல குடும்பங்கள் சிதறியிரா.

வேதம் சொன்னதென்று நம்பாதே, பெரியோர் சொன்னதென்று நம்பாதே, உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து ஏற்றுக்கொள் என்பது நம் இயக்கத்தின் பாலபாடம். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுவோம்: திரையில் வந்ததென்றும் நம்பாதே! நாடகமாயினும் சரி, செய்தியாயினும் சரி, உரைகல் ஒன்றுதான்.